திருச்சி வானொலி சங்கீத நிலையமா, செய்தி நிலையமா?

கும்பகோணத்து வாசகர் | ஜூன் 3

திருச்சி வானொலி நிலையத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் பேசிய பெரியவர்கள் எல்லோரும் காலை நேர நாகஸ்வரத்தையும், திருவையாற்று ஆராதனை நேரடி அஞ்சலையும், நாடகங்களையும் சொன்னார்கள். செய்தியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. டெல்லிச் செய்தியையும் சென்னைச் செய்தியையும் அஞ்சல் செய்த, அதாவது வாங்கி அப்படியே ஒலிபரப்பிய நிலையம் என்பதற்கு மேல் செய்தித் துறையில் அதற்கு வரலாறு இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மறுப்பவர்கள் இருந்தால் காரணத்தோடு மறுக்கலாம்.

மன்னார்குடிக்காரர் | ஜூன் 4

மறுக்கிறேன்.

முதலில் அந்த நிலையத்தின் வயதையும் இடத்தையும் பாருங்கள். சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. திருச்சி நிலையம் ஓராண்டு கூட நிறைவதற்குள் 1939 மே 16 அன்று தொடங்கிவிட்டது. பிரிவினையின்போது இருந்த ஒன்பது நிலையங்களில் லாகூர், பெஷாவர், டாக்கா ஆகிய மூன்றும் பாகிஸ்தானுக்குப் போயின. இந்தியாவுக்கு எஞ்சியவை டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி ஆகிய ஆறு. இவற்றில் ஐந்து ஊர்கள் நாட்டுக்கோ மாகாணங்களுக்கோ தலைநகரங்கள். ஆறாவது மட்டும் காவிரிக் கரையில் இருந்த ஒரு மாவட்டத் தலைநகர். 1963-இல் திருநெல்வேலியும் 1966-இல் கோயம்புத்தூரும் நிலையம் பெறும்வரை, சென்னையை விட்டால் தமிழகத்தின் மற்றப் பகுதிகளுக்கெல்லாம் திருச்சிதான் குரல் கொடுத்துவந்தது.

பெரியவர்கள் இசையைச் சொல்வதில் வியப்பு ஏதும் இல்லை. புஷ்ய பகுள பஞ்சமி அன்று திருவையாற்றிலிருந்து வரும் பஞ்சரத்தினக் கிருதிகளைக் கேட்டவர்கள் அதை வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பார்கள். மேட்டூர் அணையில் நேற்று எத்தனை அடித் தண்ணீர் இருந்தது என்பதை இன்று மாலைக்குள் யாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அந்த எண்ணைக் கேட்டுத்தான் அன்று காலை நாற்றங்காலில் விதை தெளிப்பதா, இன்னும் ஒரு வாரம் பொறுப்பதா என்று முடிவு செய்திருப்பார்கள். நினைவில் நின்றது எது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பயன்பட்டது எது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்கள் "செய்தி" என்ற தலைப்பின் கீழ் மட்டும் தேடியிருக்கிறீர்கள். டெல்டாவுக்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் வேறு தலைப்புகளின் கீழ்தான் வந்தது. அதை அடுத்தடுத்த குறிப்புகளில் எழுதுகிறேன்.

மன்னார்குடிக்காரர் | ஜூன் 5

"அஞ்சல் நிலையம்" என்று எழுதியிருந்ததற்குத் தனியாக ஒரு சொல். காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி வந்துகொண்டிருந்தது. சரோஜ் நாராயண்சுவாமியின் குரலை எங்கள் தலைமுறையில் அறியாதவர் இல்லை. மாலை 6.30-க்குச் சென்னையிலிருந்து மாநிலச் செய்தி வரும். இவை இரண்டும் அஞ்சல்தான். ஆனால் பிற்பகல் 1.45-க்கு வருவது திருச்சியிலேயே எழுதி, திருச்சியிலேயே வாசிக்கப்படும் மண்டலச் செய்தி. எல்லா மொழிச் செய்திகளையும் டெல்லியிலேயே தயாரித்தால் போதாது என்று கண்டு, 1953-இல் லக்னோவிலும் நாகபுரியிலும் முதல் மண்டலச் செய்திப் பிரிவுகளை ஏற்படுத்தினார்கள். அந்த ஏற்பாடு பரவியதன் பயன்தான் நம் 1.45 செய்தி.

அந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். வயலிலிருந்து கரையேறி, கை கால் கழுவிச் சாப்பிட்டு, வெயில் தாழும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. எங்கள் வீட்டில் அப்பா காலைச் செய்தியைக் கேட்டதும் உண்டு, கேட்காமல் விட்டதும் உண்டு, 1.45 செய்தியை விட்டு நான் பார்த்ததில்லை. மாவட்டங்களில் இருக்கும் பகுதி நேரச் செய்தியாளர்கள் அனுப்பும் தகவல்கள்தான் அந்த அறிக்கைக்கு உயிர். டெல்லியின் பட்டியலில் ஒருபோதும் இடம்பெற முடியாத ஒரு வாய்க்கால் உடைப்பு இங்கே முழு வாக்கியமாக வரும்.

மன்னார்குடிக்காரர் | ஜூன் 8

நீங்கள் காரணம் கேட்டீர்கள். என்னிடம் உள்ளவற்றில் மிக வலுவானது ஒரு நெல்.

1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில், நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஜப்பானின் நாரின் 10 ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது ஆடுதுறை 27. ஏறத்தாழ 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும் குறுகிய காலக் குறுவைப் பயிர். அறுபதுகளின் நடுவில் இது தஞ்சை மாவட்டத்துக்கு வந்தபோது, மாவட்டம் ஏற்கெனவே 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் இருந்தது. நாட்டிலேயே அதற்கு முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் எண்ணம். ஆனால் பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஒரே வாரத்தில் ஒரே விவரத்தைச் சொல்ல வேளாண் துறையில் அவ்வளவு ஆட்கள் ஏது? 1966-இல் பத்து வானொலி நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். திருச்சி நிலையத்தின் ஒலிபரப்பு ஆடுதுறை 27-ஐ எடுத்துக்கொண்டது. நாற்றின் வயது என்ன, எவ்வளவு இடைவெளி விட்டு நட வேண்டும், மேலுரம் எப்போது இட வேண்டும், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று பருவத்தோடு ஒட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். விளைவாகத் தஞ்சை விவசாயிகள் அந்த ரகத்தின் எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டு "ரேடியோ நெல்" என்றே அழைக்கத் தொடங்கினார்கள். விதை வாங்கப் போனவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள். என் பாட்டி கடைசிவரை அதற்கு வேறு பெயர் இருந்ததாகவே அறியவில்லை.

ஒரு நிலையத்தின் ஒலிபரப்பால் ஒரு பயிருக்கே பெயர் வந்தது என்றால், அந்த நிலையத்துக்குச் செய்தி வரலாறு இல்லை என்று எப்படி எழுத முடியும்? புதிய ரகம் ஒன்று வந்திருக்கிறது, அது இத்தனை நாளில் விளையும், இப்படிச் செய்தால் இவ்வளவு கிடைக்கும் என்பதைவிட முக்கியமான செய்தி 1966-இல் திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வேறு என்ன இருந்திருக்கும்?

இதன் தொடர்ச்சியையும் சொல்ல வேண்டும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நிற்கும். விளைச்சல் கூடியதும் களத்தில் நனையும் நெல்லும் கூடியது. ஈர நெல்லை என்ன செய்வது என்பதற்காகவே 1967-இல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கியது. பிற்பாடு தஞ்சாவூருக்கு மாறி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருப்பது அதுதான். ஒரு ரகத்தை ஊரெங்கும் பரப்பியபின் மழை முன்னறிவிப்பும் அதே ஊர்களுக்கு அதே வேகத்தில் போக வேண்டியிருந்தது. வேளாண் ஒலிபரப்பும் வானிலை அறிவிப்பும் இந்தப் பகுதியில் ஒன்றையொன்று விட முடியாதபடி பிணைந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மன்னார்குடிக்காரர் | ஜூன் 9

நீடாமங்கலத்து நண்பர் ஒருவர், "பண்பலை அத்தனை தெளிவாக இருக்கும்போது இன்னும் ஏன் மத்திய அலை?" என்று தனியாகக் கேட்டார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

திருச்சியின் மத்திய அலை (மீடியம் வேவ்) 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட் ஆற்றல். அலையின் நீளம் ஏறத்தாழ 320 மீட்டர். இந்த அலை பகலில் தரையைத் தழுவிக்கொண்டு போகும். தரை எவ்வளவு ஈரமாகவும் உப்பாகவும் இருக்கிறதோ அவ்வளவு தூரம் வலுக் குறையாமல் போகும். வறண்ட பாறை நிலத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடும். தண்ணீர் நிற்கும் வயல்களும், கடலோரத்து உவர் மண்ணும் கொண்ட டெல்டா இந்த அலைக்கென்றே அமைந்த நிலம். திருச்சியிலிருந்து நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் வேதாரண்யத்தில் பகல் நேரத்தில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். பண்பலை அலையோ பெரும்பாலும் நேர்ப்பார்வைக்குள் நிற்பது. இரவில் நிலைமை மாறும்: வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் தொலைதூர நிலையங்கள் வந்து குறுக்கிடும், ஒலி ஏறி இறங்கும். மண்டலச் செய்தி பகலில் இருப்பதன் இன்னொரு நன்மை இது.

மன்னார்குடிக்காரர் | ஜூன் 13

மேட்டூர் நீர்மட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விவாதம் முடியாது. வானொலியில் அந்த அறிவிப்பு வரும்போது வெளியூர்க்காரர் காதில் வெறும் எண்கள்தான் விழும். எங்கள் பக்கத்தில் அது ஒரு கணக்குப் பாடம்.

அறிவிப்பில் நான்கு எண்கள் இருக்கும்: நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். அணையின் முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வழக்கமான திறப்பு ஜூன் 12, வழக்கமான அடைப்பு ஜனவரி 28. டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. ஆகவே வினாடிக்கு 10,000 கனஅடி திறந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.86 டி.எம்.சி. போகும். வரத்தைக் கழித்துவிட்டு இருப்பை இதனால் வகுத்தால், வரத்து இப்படியே இருந்தால் எத்தனை நாளைக்குத் தண்ணீர் வரும் என்பது கிடைத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இந்தக் கணக்கைத் திண்ணையில் உட்கார்ந்து மனத்துக்குள்ளேயே போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு நுணுக்கமும் அவர்களுக்குத் தெரியும். அணை மேலே போகப் போக அகலமானது. 100 அடியில் இருப்பது ஏறத்தாழ 65 டி.எம்.சி. என்றால், மேலே உள்ள இருபது அடியில் மட்டும் 28-க்கு மேல் இருக்கிறது. எனவே 118 அடியிலிருந்து 117-க்கு இறங்கினால் முகம் வாடும். 60-இலிருந்து 59-க்கு இறங்கினால் அவ்வளவு வாடாது, அப்போது வாடுவதற்கு வேறு பெரிய காரணம் இருக்கும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நாள் அளவில் கல்லணைக்கு வரும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிக்கிறார்கள். எந்த ஆற்றில் எத்தனை கனஅடி விடுகிறார்கள் என்பது அடுத்த செய்தி. எங்களுக்கு வெண்ணாற்று எண்தான் வேண்டும். பட்டுக்கோட்டைக்காரர்கள் கல்லணைக் கால்வாய் எண்ணுக்குக் காது கொடுப்பார்கள். அதன்பின் முறைப்பாசனம் வந்தால் எந்த ஆற்றுக்கு எந்த நாட்கள் என்ற அறிவிப்பு வரும். கடைமடைக்காரர்களுக்கு, அதாவது தலைஞாயிறு, வேதாரண்யம், திருத்துறைப்பூண்டியின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்கு, இந்த அறிவிப்பு வருவதற்கும் தண்ணீர் வருவதற்கும் நடுவே எத்தனையோ நாட்கள் ஓடிவிடும். ஆயினும் அறிவிப்பு வந்துவிட்டால் வாய்க்காலைத் தூர் எடுக்கலாம், ஆட்களுக்குச் சொல்லி வைக்கலாம்.

இந்த எண்களின் பின்னால் ஒரு பெரிய வழக்கு ஓடிக்கொண்டிருந்தது என்பதும் உங்கள் கட்டுரையில் இருக்க வேண்டும். கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழகத்துக்கு விட வேண்டிய காவிரி நீரை 1991-இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு 205 டி.எம்.சி. என்றது, 2007 பிப்ரவரி 5 அன்று வந்த இறுதித் தீர்ப்பு 192 என்றது, 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் 177.25 என்றது. இந்த மூன்று எண்களையும் தேசியச் செய்தியில்தான் முதலில் கேட்டோம். ஆனால் அவற்றின் பொருள் எங்களுக்கு விளங்கியது பிற்பகலில் வந்த நீர்வரத்து எண்ணில். தலைநகரத்துச் செய்தி தீர்ப்பைச் சொல்லும், மண்டலச் செய்தி அந்தத் தீர்ப்பு ஆற்றில் இறங்கியதா என்று சொல்லும். இரண்டையும் ஒரே பெட்டி சொல்லிவந்தது என்பதில்தான் திருச்சி நிலையத்தின் பெருமை இருக்கிறது.

மன்னார்குடிக்காரர் | ஜூன் 14

நேற்றும் ஜூன் 8 அன்றும் எழுதியதை மறுபடியும் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு தரப்பு அறவே இல்லை. அதைச் சேர்க்காமல் விட்டால் நான் எழுதியது நிலம் வைத்திருந்தவர்களின் வரலாறாக மட்டும் நின்றுவிடும்.

ரேடியோ நெல் பரவிய அதே ஆண்டுகளில்தான் கீழ்த்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. அடுத்த ஆண்டு, 1969-இல், தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. புதிய ரகத்தால் களத்துமேட்டில் நெல் கூடியது. கூடியதில் தங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று நட்டவர்களும் அறுத்தவர்களும் கேட்டார்கள். இவை இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

பண்ணை ஒலிபரப்பு யாரைப் பார்த்துப் பேசியது? உரம் வாங்கக் கூடியவரை, கடன் சங்கத்தில் பெயர் இருந்தவரை, எந்த ரகம் போடலாம் என்று முடிவெடுக்கும் உரிமை இருந்தவரைப் பார்த்துப் பேசியது. "இத்தனை இடைவெளியில் நடுங்கள்" என்று அது சொன்னபோது, உண்மையில் குனிந்து நட்டவர் அந்த வாக்கியத்துக்கு வெளியே நின்றார். எங்கள் குடும்பம் குத்தகைக்குச் சாகுபடி செய்தது. அப்பாவிடம் டிரான்சிஸ்டர் இருந்தது. நடவுக்கு வந்த பெண்கள் வாய்க்கால் கரையில் கஞ்சி குடிக்கும்போது அந்த டிரான்சிஸ்டர் வரப்பில் பாடிக்கொண்டிருக்கும். அவர்களும் கேட்டார்கள். அவர்களுக்காக அதில் என்ன இருந்தது என்று அப்போது நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் இதற்கு எதிராகச் சொல்லலாம். பஞ்சாயத்து ரேடியோ என்ற ஏற்பாடு இருந்தது: பூங்காவிலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பெட்டி, மேலே கூம்பு ஒலிபெருக்கி, மாலையில் ஊர் முழுக்கக் கேட்கும். ஒலிக்குத் தெரு வேறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பெட்டி எந்தத் தெருவில் இருந்தது, அதன் அருகே உட்கார யாருக்கு இடம் இருந்தது என்பதையும் கட்டுரையாளர் கேட்டு எழுத வேண்டும்.

கும்பகோணத்து வாசகர் | ஜூன் 16

ஐயா, ரேடியோ நெல்லை நான் ஒப்புக்கொள்கிறேன். "வரலாறு இல்லை" என்ற வரியை எடுத்துவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மழை, புயல், அணை நீர்மட்டம் எல்லாவற்றையும் இன்று தனியார் பண்பலைகளும் சொல்கின்றன, கைபேசியிலும் வருகின்றன. அப்படியானால் திருச்சியின் மண்டலச் செய்திக்கு இனி என்ன தனி வேலை?

மன்னார்குடிக்காரர் | ஜூன் 17

நல்ல கேள்வி, தம்பி. இதற்கான விடை விதிமுறையிலேயே இருக்கிறது.

நம் நாட்டில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது. 2011-இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை, அரசு வானொலியின் செய்தி அறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்து ஒலிபரப்ப மட்டும் அனுமதித்தது. அதே கொள்கை, வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, குடிநீர் மற்றும் மின்சாரம் பற்றிய அறிவிப்பு, இயற்கைச் சீற்ற எச்சரிக்கை போன்றவற்றைச் "செய்தி அல்லாதவை" என்று வகைப்படுத்தி, அவற்றைச் சொல்லலாம் என்றது. நீங்கள் கேட்கும் மழை அறிவிப்பு தனியார் பண்பலையில் வருவது அந்த வழியாகத்தான்.

இந்த வகைப்பாட்டை டெல்டாவில் நின்று பார்த்தால் எவ்வளவு தவறாகத் தெரிகிறது பாருங்கள்! "இன்று பலத்த மழை பெய்யும்" என்பது தகவல், சொல்லலாம். "மழையில் கொள்முதல் நிலைய வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகள் நனைந்தன, ஈரப்பதத்தைக் காரணம் காட்டி எடுக்க மறுக்கிறார்கள், விவசாயிகள் சாலையில் அமர்ந்திருக்கிறார்கள்" என்பது செய்தி, சொல்லக் கூடாது. முதல் வாக்கியத்தின் மறுபாதிதான் இரண்டாவது வாக்கியம். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் உடைந்து ஒன்பது மதகுகள் ஆற்றோடு போயின. கரையோரத்தார் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று அறிவிப்பது ஒரு வகை, அவை ஏன் உடைந்தன என்று கேட்பது வேறு வகை. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மதகுகளின் பராமரிப்பைப் பற்றிய கேள்வியைக் காற்றில் எழுப்பும் உரிமை உள்ளூர் வானொலிகளில் அரசு நிலையம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

இதனால் திருச்சி நிலையத்தின் பொறுப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது என்பது என் கருத்து. அரசு நிலையம் அரசைக் கேள்வி கேட்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தயங்கித்தான் கேட்கிறது. அமைச்சர் கலந்துகொண்ட விழா முதலில் வரும், உடைந்த கரை பின்னால் வரும். இந்த வரிசையைப் பற்றி எனக்குப் பல ஆண்டுகளாக மனக்குறை உண்டு. பிரசார் பாரதி 1997 நவம்பர் 23 முதல் தன்னாட்சி அமைப்பாக இயங்கத் தொடங்கியபோது இந்த வரிசை மாறும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன், பெரிதாக மாறவில்லை. என்றாலும், பின்னால் வந்தாலும் அந்தக் கரை அறிக்கையில் வருகிறது. தனியார் பண்பலையில் அது வர விதியே இல்லை.

மன்னார்குடிக்காரர் | ஜூன் 18

நேற்றைய குறிப்பில் சமுதாய வானொலிகள் விட்டுப்போயின. 2006 கொள்கையின்படி அவற்றுக்கும் செய்தி கூடாது. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் ஆழிப்பேரலைக்குப் பின் உருவான களஞ்சியம் சமுதாய வானொலியும், வல்லத்தில் இயங்கும் பெரியார் மணியம்மை நிறுவனத்தின் வானொலியும் தங்கள் ஊர் மக்களையே பேச வைக்கின்றன. ஜூன் 14 அன்று நான் எழுதிய குறை, அதாவது நட்டவர்களின் குரல் வரவில்லை என்பது, தீர வாய்ப்புள்ள இடம் இத்தகைய சிறு நிலையங்கள்தான். கூலியைப் பற்றி அவர்கள் செய்தியாகப் பேச விதி இடம் கொடுக்க வேண்டும்.

மன்னார்குடிக்காரர் | ஜூன் 22

புயலைப் பற்றி எழுதச் சொல்லி வேதாரண்யத்து நண்பர்கள் கேட்டிருந்தார்கள்.

கடற்கரை ஊர்களின் வானொலி வழக்கம் உள்நாட்டிலிருந்து வேறுபட்டது. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர் திரைப்பாடல்களை ஒதுக்கியதும், ஊர் ஊராக இலங்கை வானொலியின் பக்கம் சாய்ந்தார்கள். 1957-இல் ஆகாசவாணியின் திரைப்பாடல் சேவையான விவித பாரதி வந்த பின்னும் கோடியக்கரை, வேதாரண்யம் பக்கத்தில் அந்தப் பழக்கம் விடவில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர்களான மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் அங்கே வீட்டு மனிதர்களின் குரல்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் முள் தானாகத் திருச்சிக்குத் திரும்பும், பிற்காலத்தில் காரைக்கால் பண்பலைக்கும் திரும்பும். பாட்டுக்கு ஒரு நிலையம், உயிருக்கு ஒரு நிலையம் என்று அந்த மக்கள் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணை வானொலி சொல்லும். நாகப்பட்டினம் மீனவர்களுக்கு அந்த எண்ணுக்கு விளக்கம் தேவையில்லை. 1 என்றால் தொலைவில் ஏதோ உருவாகிறது. 10 என்றால் பெரும் அபாயம். 11 என்று ஒரு கூண்டு இருக்கிறது: புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். தொடர்பு அறுவதையே ஆபத்துகளின் உச்சியில் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்குந்தோறும் வானொலியின் மதிப்பு எனக்குக் கூடுகிறது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று நான் ஊரில் இருந்தேன். விடிந்தபோது தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன, மின்கம்பங்கள் வயலில் கிடந்தன, கைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்துவிட்டன. மின்சாரம் திரும்ப எங்கள் பக்கத்திலேயே நெடுநாள் ஆயிற்று. கீழே போகப் போக இன்னும் தாமதம். பரணிலிருந்து பழைய டிரான்சிஸ்டரை எடுத்து, கடைத்தெருவில் அலைந்து மின்கலம் வாங்கிப் போட்டேன். அதைத் திருப்பியதும் எனக்கு வியப்பு. முன்பெல்லாம் மத்திய அலையில் இரைச்சல் தாங்க முடியாது. அன்று ஒலி அவ்வளவு துலக்கமாக இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது: இரைச்சல் எழுப்பும் மின்கம்பி, மின்விளக்கு, சார்ஜர் எல்லாமே ஊர் முழுக்க அணைந்து கிடந்தன. எல்லாம் நின்றுபோன நாளில்தான் மத்திய அலை தன் முழுத் தெளிவோடு வருகிறது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த ஊரில் முகாம் இருக்கிறது என்று கேட்டு, தெருவில் நின்றவர்களுக்குச் சொன்னேன். கைபேசியில் எல்லாம் வருகிறது என்று கூறுபவர்கள் அந்த நாட்களில் பட்டுக்கோட்டைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே எங்காவது இருந்திருக்க வேண்டும்.

ஆகவே மத்திய அலைக் கோபுரங்களைச் செலவுக் கணக்குப் பார்த்து மூடும் பேச்சு எழும்போதெல்லாம், கடலோர மாவட்டங்களுக்கு மட்டுமாவது விதிவிலக்கு வேண்டும் என்று எழுதிப் போடுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

மன்னார்குடிக்காரர் | ஜூன் 24

தென்கச்சி கோ. சுவாமிநாதனைக் குறிப்பிட மறக்காதீர்கள். அவர் வழங்கிய "இன்று ஒரு தகவல்" நிகழ்ச்சி சென்னை வானொலியிலிருந்து வந்ததால் அவரைச் சென்னைக்காரர் என்று பலர் எண்ணுகிறார்கள். அவர் ஊர் கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம், அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சிப்பெருமாள்நத்தம். வேளாண்மை படித்தவர், திருநெல்வேலி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பில் வளர்ந்தவர். உழவருக்கு எளிய வாக்கியத்தில் சொல்லிப் பழகிய நாக்குதான் பிறகு நாட்டுக்கே கதை சொன்னது. பண்ணை ஒலிபரப்பு நல்ல தமிழுக்கு எப்படிப்பட்ட பயிற்சிக்களமாக இருந்தது என்பதற்கு இவரைவிடச் சான்று வேண்டியதில்லை.

மன்னார்குடிக்காரர் | ஜூன் 30

கட்டுரைக்கு இனி யாரைப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நிலையத்தில் ஓய்வு பெற்ற அறிவிப்பாளர்களை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் மாவட்டங்களில் பகுதி நேரச் செய்தியாளர்களாக இருந்தவர்களைத் தேடுங்கள். ஒரு கரை உடைப்புச் செய்தியைத் தொலைபேசி வசதி குறைந்த காலத்தில் 1.45-க்குள் திருச்சியில் எப்படிச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். ஆடுதுறையில் பணியாற்றியவர்களிடம், வானொலிக்கு எழுதிக் கொடுத்த உரைகளின் படிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்பாகக் கீழ்த்தஞ்சைப் பகுதியில் நடவுக்குப் போன மூத்த பெண்களிடம் போங்கள். வரப்பில் இருந்த டிரான்சிஸ்டரில் அவர்கள் காதில் விழுந்தது என்ன, அதில் எதை அவர்கள் நம்பினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வருவதாக இருந்தால் இங்கே தெரிவியுங்கள். எங்கள் ஊரிலேயே அப்படிப்பட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள், நானே அழைத்துப் போகிறேன். பிற்பகல் சாப்பாட்டுக்குப் பின் வந்தால் நிதானமாகப் பேசுவார்கள்.